பூட்டிய கதவும் ஆறாத காயமும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனையின் எழுத்து வடிவம்)



யோவான் நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில் ஒரு வீட்டைப் பார்க்கிறோம். வாரத்தின் முதல் நாள், மாலை நேரம். கதவுகள் சாத்தியிருக்கின்றன, உள்ளே சீடர்கள் இருக்கிறார்கள். ஏன் சாத்தி வைத்தார்கள் என்பதையும் நற்செய்தியாளர் மறைக்கவில்லை. அச்சம்தான் காரணம். அன்று காலையிலேயே மகதலா மரியா ஓடிவந்து, ஆண்டவரைக் கண்டேன் என்று அவர்களிடம் சொல்லியிருந்தார். அப்படியும் மாலையில் கதவு பூட்டியே இருந்தது. நல்ல செய்தி காதில் விழுந்த உடனே பயம் போய்விடுவதில்லை. நமக்குத் தெரியாததா இது? மருத்துவர் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிய பிறகும் இரவில் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு படுக்கிறவர்கள்தானே நாம்!

அவர்கள் யாருக்குப் பயந்தார்கள்? ஆண்டவரைக் கொன்றவர்களுக்கு என்று உடனே சொல்வோம். அது உண்மை. ஆனால் இன்னொரு பயமும் அந்த அறைக்குள் இருந்திருக்க வேண்டும். வியாழன் இரவு எல்லோரும் அவரை விட்டுவிட்டு ஓடினார்கள். அவர் யாரென்றே தெரியாது என்று பேதுரு மூன்று முறை சொன்னார். அவர் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி உண்மையானால், அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? இதை நற்செய்தி சொல்லவில்லை, நாம்தான் ஊகிக்கிறோம். நம்பி வந்த ஒருவரைக் கைவிட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த ஊகம் கடினமாக இராது.

அந்த அறைக்குள் ஆண்டவர் செய்தவற்றின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் அமைதி வாழ்த்து. அடுத்துத் தம் கைகளையும் விலாவையும் காட்டுகிறார். மறுபடியும் அமைதி. பிறகு அவர்கள்மேல் ஊதித் தூய ஆவியாரை அளிக்கிறார். இவ்வளவும் ஆன பிறகே பாவ மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறார். முதலில் பயம் தணிகிறது, மன்னிப்பு அதன் பிறகு வருகிறது. ஒப்புரவு அருளடையாளம் பிறந்த இடமாகத் திருச்சபை இந்தப் பகுதியைப் படிக்கிறது. அந்த இடம் பயந்துபோனவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த ஓர் அறை என்பதைப் பலமுறை வாசித்தும் நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

இன்று நாம் சிந்திக்க விரும்புவது இதைத்தான். மன்னிக்க முடியவில்லை என்று நாம் சொல்லும் இடங்களில் பெரும்பாலும் கோபத்துக்கு அடியில் ஒரு பயம் படுத்திருக்கிறது. அதைத் தொடாமல் விட்டுவிட்டு, மன்னி, மன்னி என்று எவ்வளவு சொன்னாலும் மனக்காயம் ஆறுவதில்லை.

நம் வீடுகளையே எடுத்துக்கொள்வோம். (ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டது எதுவும் எந்த வானொலியிலும் வராது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். இங்கே சொல்வதெல்லாம் டீக்கடை முதல் கோவில் வாசல் வரை எல்லோரும் பேசிக்கொள்வதுதான்.) ஒரே கிணற்றில் பங்குள்ள அண்ணன் தம்பி. மோட்டார் முறையில் ஒரு நாள் தகராறு வருகிறது. ஒருவர் கைநீட்டுகிறார், மற்றவர் காவல் நிலையத்துக்குப் போகிறார். பத்து ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் பத்திரிகை இல்லை. பூசையில் ஒருவர் வலப்பக்கம், ஒருவர் இடப்பக்கம். நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் ஒரே அப்பாவின் கல்லறைக்கு ஒரு குடும்பம் காலையில் வந்து மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் போகும், இன்னொரு குடும்பம் மாலையில் வரும். இப்படிப்பட்ட கல்லறை நம் பள்ளத்தாக்கில் எந்தப் பங்கில் இல்லை?

அந்தத் தம்பியிடம் உட்கார்ந்து பேசினால் முதலில் வருவது கோபம். இன்னும் கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டால் வேறொன்று வரும். "நான் இறங்கிப் போனா நாளைக்கு வரப்பையும் சேத்து உழுதுருவாரு, சாமி." இது மறுபடியும் ஏமாந்துவிடுவோமோ என்ற பயம். "நாலு பேர் என்னை என்ன நினைப்பாங்க?" இது மானம் போய்விடுமோ என்ற பயம். மூன்றாவது ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்: நான் மன்னித்துவிட்டால், எனக்கு நடந்தது ஒன்றுமில்லை என்று ஆகிவிடாதா? இந்த மூன்றாவது பயம்தான் ஆழமானது. பட்ட அநியாயத்துக்குச் சாட்சியாக மிஞ்சியிருப்பது நம் கோபம் ஒன்றுதான் என்று மனம் நம்புகிறது. அந்தச் சாட்சியையும் அனுப்பிவிட்டால் வழக்கே தள்ளுபடியாகிவிடும் என்று அஞ்சுகிறது.

ஆண்டவர் தம் சீடர்களுக்குக் காயங்களைக் காட்டியது இங்கேதான் நமக்கு உதவுகிறது. உயிர்த்த உடலிலும் ஆணியின் தழும்புகள் இருந்தன. தந்தை அவற்றைத் துடைத்து அழிக்கவில்லை. சிலுவை நடந்தது, அதைச் செய்தவர்கள் உண்டு, அது அநியாயம்தான். இவை எதையும் மறுக்காமலே அவர் அமைதியைச் சொல்கிறார். அப்படியானால், மன்னிக்கிறவர் தம் தழும்பை மறைக்க வேண்டியதில்லை. நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல வேண்டியதும் இல்லை.

பயம் உடலில் என்ன செய்கிறது என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் நம்மில் பலர் இதை விசுவாசக் குறைவு என்று நினைத்துக்கொண்டு வீணாக வருந்துகிறோம். ஆபத்தைக் கண்டறிந்து உடலை எச்சரிப்பதற்கென்றே நம் மூளையில், பாதாம் பருப்பு அளவில், அமிக்டலா என்ற பகுதியைக் கடவுள் வைத்திருக்கிறார். தோட்டத்தில் பாம்பைக் கண்டால் யோசிப்பதற்கு முன்பே கால் பின்வாங்குகிறதே, அது இதன் வேலை. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, இரத்த அழுத்தம் ஏறுகிறது. பாம்பு போய்விட்டால் எல்லாம் இறங்கிவிட வேண்டும். ஆனால் நம்மைக் காயப்படுத்தியவரின் நினைவு பாம்பைப் போலப் போய்விடுவதில்லை. அடுத்த வீட்டு வாசலில் அவருடைய வண்டிச் சத்தம் கேட்டாலே போதும், உடல் மறுபடியும் தயாராகிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படித் தயாராகவே நிற்கும் உடலுக்கு உறக்கம் எங்கே வரும், வயிறு எப்படி ஒழுங்காக இருக்கும்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஹோப் கல்லூரியில் ஷார்லட் விட்விலியட் என்ற உளவியல் பேராசிரியர் தம் குழுவினருடன் ஓர் ஆய்வு செய்து 2001இல் வெளியிட்டார். 71 மாணவ மாணவியரை உட்கார வைத்து, தங்களைக் காயப்படுத்திய ஒருவரை நினைக்கச் சொன்னார்கள். ஒரு முறை அந்த வஞ்சத்தை மனத்தில் ஓட்டிப்பார்க்க வேண்டும், இன்னொரு முறை அந்த ஆளை மன்னிப்பதாகக் கற்பனை செய்ய வேண்டும். வஞ்சத்தை ஓட்டிப்பார்த்த நேரத்தில் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் கூடின, நெற்றித் தசை இறுகியது. மன்னிப்பதாக நினைத்த நேரத்தில் அந்த அளவுக்கு ஏறவில்லை. சில நொடிகள் கற்பனை செய்ததற்கே இவ்வளவு! சீராக்கின் ஞான நூல் 28ஆம் அதிகாரம் இதை வேறு மொழியில் முன்பே பேசுகிறது. பிறர்மேல் சினத்தை வைத்துக்கொண்டே ஆண்டவரிடம் நலம் கேட்டு நிற்பது எப்படிப் பொருந்தும் என்பது அதன் கேள்வி. மன்னிப்பையும் குணமாவதையும் ஒரே மூச்சில் சேர்த்த அந்த ஞானியின் கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி எதுவும் இல்லை.

தனி ஆளுக்கு நேர்வது ஒரு ஊருக்கும் நேரும். நம் பள்ளத்தாக்கில் 2011 டிசம்பரில் என்ன நடந்தது என்பதை முப்பது வயது தாண்டிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சிறுவர்களுக்காகச் சொல்கிறோம். முல்லைப்பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்வியில் மச்சு அணை உடைந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதே ஆண்டு, நம் அணையும் உடையும் என்ற அச்சம் கேரளத்தில் எழுந்தது. அணையைப் பலப்படுத்தும் வரை என்று சொல்லி 152 அடியாக இருந்த நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. அதை 142 அடிக்கு உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொல்லியும் அது நடக்கவில்லை. 2011இல் இடுக்கியில் சிறு சிறு நில அதிர்வுகள் வந்தபோது அங்கே பயம் முற்றியது. இங்கே நமக்கு இன்னொரு பயம். அணையை இடித்துவிட்டால் 14,707 ஏக்கர் இருபோக நெல் என்ன ஆகும், தென்னை என்ன ஆகும், திராட்சைப் பந்தல் என்ன ஆகும்?

அங்கே உயிர் போகும் என்ற பயம், இங்கே வாழ்வு போகும் என்ற பயம். இரண்டும் குமுளியில் முட்டிக்கொண்டன. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆயிரக்கணக்கில் மக்கள் எல்லையை நோக்கி நடந்தார்கள். போக்குவரத்து நின்றது, 144 தடை போட்டார்கள். ஐயப்பன் கோவிலுக்குப் போகிறவர்கள் வேறு வழியாகச் சுற்றிப் போனார்கள். ஏலத்தோட்டங்களில் வேலைக்கு இருந்த நம் பெண்கள் உயிருக்குப் பயந்து மலையிறங்கினார்கள். இங்கே கேரளத்தவர் நடத்திய கடைகள் தாக்கப்பட்டன. பல ஆண்டுகளாகக் கடன் சொல்லித் தேங்காய் எண்ணெய் வாங்கிய கடையின் மேல் கல் விழுந்தது. அந்தக் கடைக்காரருக்கும் அணைக்கும் என்ன தொடர்பு? பயந்த கூட்டத்துக்கு முகம் தெரியாது, அடையாளம் மட்டும்தான் தெரியும். அங்கே வண்டிப்பெரியாற்றில் அணைக்குக் கீழே குடியிருந்து பயந்தவர்களில் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களும் இருந்தார்கள். நம் அத்தை மாமன் மக்கள்தான்.

நீர் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று யாரும் இங்கே சொல்லவில்லை. அந்த உரிமைக்காக நீதிமன்றத்தில் வாதாடினோம். 2014 மே 7இல் அரசியல் சாசன அமர்வு 142 அடி என்று தீர்ப்புச் சொன்னது. அது நீதி, அதைக் கேட்டது சரி. ஆனால் அந்த டிசம்பரில் பட்ட மனக்காயங்களை ஆற்றியது அந்தத் தீர்ப்பு இல்லை. எப்படி ஆறியது என்று யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். சில வாரங்களில் ஜீப்புகள் மறுபடியும் ஓடின. விடியற்காலையில் தூக்குவாளியோடு கம்பம் மெட்டு ஏறிப் போனவர்கள் பழைய முதலாளியின் தோட்டத்திலேயே இறங்கினார்கள். அங்கே இருந்த சேச்சி, "வந்துட்டியா?" என்று கேட்டிருப்பார். இவர்களும் தலையாட்டியிருப்பார்கள். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு மேடை போடவில்லை. பயந்தபடி எதுவும் நடக்கவில்லை என்பதை இரண்டு பக்கமும் நாள்தோறும் கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். பயம் பெரும்பாலும் இப்படித்தான் குறைகிறது. தூரத்தில் இருந்துகொண்டு பயத்தை வெல்ல முடியாது. மெல்ல மெல்லப் பக்கத்தில் போய்த்தான் அது இறங்கும். உளவியல் மருத்துவர்களும் இந்த முறையைத்தான் சிகிச்சையாகவே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் போகச் சொல்ல முடியாது. இதை அழுத்தமாகச் சொல்லியே ஆக வேண்டும். குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவரிடம், "மன்னிச்சுட்டு அனுசரிச்சுப் போம்மா" என்று பெண்களுக்குப் புத்தி சொல்கிறவர்கள் நம் சபையில் இன்னும் இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அது தவறு. அந்தப் பெண்ணின் பயம் மனக்குறை இல்லை, உண்மையான ஆபத்தைப் பற்றிய எச்சரிக்கை. பாம்பு இன்னும் அங்கேயே இருக்கிறது! மன்னிப்பது வேறு, மறுபடியும் அடி வாங்கப் போய் நிற்பது வேறு. பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டும் மன்னிக்கலாம், புகார் கொடுத்துவிட்டும் மன்னிக்கலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி கிடைக்கும். இவற்றைப் பயன்படுத்துவது நம் விசுவாசத்துக்கு எதிரானது இல்லை.

திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுலை 1981 மே 13ஆம் நாள் புனித பேதுரு சதுக்கத்தில் மெகமத் அலி அக்கா என்பவர் சுட்டார். நான்கு நாள் கழித்து மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே, தம்மைச் சுட்டவரை மன்னிப்பதாகத் திருத்தந்தை அறிவித்தார். 1983 டிசம்பரில் சிறைக்கே போய் அவரோடு உட்கார்ந்து பேசினார். அந்தப் புகைப்படத்தைப் பல வீடுகளில் பார்த்திருப்போம். ஆனால் அக்கா இத்தாலியச் சிறையிலிருந்து வெளியே வந்தது 2000இல்தான். மன்னிப்பு நான்கு நாளில் வந்தது, நீதி தன் வழியில் பத்தொன்பது ஆண்டுகள் நடந்தது. ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை.

அடுத்த கேள்வி இப்படி வரும்: "சாமி, மன்னிச்சுட்டேன்னு நூறு தடவை சொல்லிட்டேன். ஆனா அவரைப் பார்த்தா உள்ளே கொதிக்குதே. அப்ப நான் மன்னிக்கலையா?"

எவரெட் வர்த்திங்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்குத் தெளிவான ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். மன்னிக்கத் தீர்மானிப்பது ஒன்று, உணர்வில் மன்னிப்பு நிறைவது இன்னொன்று. இனிப் பழிவாங்க மாட்டேன், இந்த ஆளையும் மனிதராகவே நடத்துவேன் என்று ஒரே நாளில் முடிவு செய்துவிடலாம். உணர்வு அதற்குப் பின்னால், தன் வேகத்தில், தளர்நடை போட்டு வரும். இவர் சும்மா ஏட்டிலிருந்து பேசுகிறவர் இல்லை. மன்னிப்பைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், 1996 புத்தாண்டு நேரத்தில், வீட்டுக்குள் புகுந்த திருடன் அவருடைய வயதான தாயைக் கொன்றுவிட்டான். அந்த ஆளை அடித்தே கொல்ல வேண்டும் என்று தமக்கு முதலில் தோன்றியதை அவரே எழுதியிருக்கிறார். மன்னிப்பு நிபுணருக்கே அப்படி! தீர்மானித்த பிறகும் உள்ளே கொதிக்கிறதென்றால் நாம் பொய்யர்கள் இல்லை. புண் ஆறிக்கொண்டிருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். திராட்சையில் கவாத்து வெட்டிய பிறகு வெட்டுவாயில் சில நாள் நீர் வடிகிறதே. அதைப் பார்த்துக் கொடி செத்துவிட்டது என்று நம்மில் எந்த விவசாயியும் சொல்ல மாட்டார்.

யோவான் நற்செய்தியில் அதே பகுதியில் இன்னொரு சின்னச் செய்தி இருக்கிறது. எட்டு நாள் கழித்துச் சீடர்கள் மறுபடியும் கூடியிருந்தார்கள், இம்முறை தோமாவும் இருந்தார். அப்போதும் கதவு பூட்டித்தான் இருந்தது. ஆண்டவரை நேரில் கண்டு, தூய ஆவியாரைப் பெற்று, மன்னிக்கும் அதிகாரமும் பெற்றவர்கள் மறு வாரம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆண்டவர் அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. மறுபடியும் அதே அமைதி வாழ்த்தைத்தான் சொன்னார்.

அருளாளர் இராணி மரியாவின் கதையும் இப்படி மெல்ல நகர்ந்த கதைதான். கேரளத்தின் புல்லுவழியில் பிறந்தவர், பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபைச் சகோதரி. மத்தியப் பிரதேசத்தின் உதயநகர் பகுதியில் கடனில் மூழ்கிய ஏழை விவசாயிகளை ஒன்றுசேர்த்தார். வட்டிக்குக் கொடுத்தவர்களுக்கும் செல்வாக்கு உள்ளவர்களுக்கும் அது பொறுக்கவில்லை. 1995 பிப்ரவரி 25ஆம் நாள், ஓடும் பேருந்தில், பயணிகள் பார்த்துக்கொண்டிருக்க, சமுந்தர் சிங் என்பவர் அவரைக் கத்தியால் குத்தினார். உடலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். அவருடைய தங்கை செல்மி பவுலும் அதே சபைத் துறவிதான். தங்கை சிறைக்குப் போய், கொன்றவரின் கையில் ராக்கி கட்டி அண்ணனாக ஏற்றது 2002 ஆகஸ்டில். இடையில் ஏழரை ஆண்டுகள் ஓடியிருந்தன. நாம் இந்தக் கதையைச் சொல்லும்போது அந்த ஏழரை ஆண்டை விட்டுவிடுகிறோம். கொலை நடந்த மறுநாளே ராக்கி கட்டியதுபோலச் சொல்லி, கேட்கிறவர்களுக்குக் குற்ற உணர்வைத்தான் கொடுக்கிறோம்.

சிறைக்குள் சமுந்தருக்கும் ஒரு நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. தம்மைத் தூண்டிவிட்டுப் பிறகு கைவிட்டவர்களைத் தீர்த்துக்கட்ட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். சுவாமி சதானந்த் என்ற அருள்பணியாளர் அவரைத் தேடிப் போய்ப் பேசிப் பேசி அந்த நெருப்பைத் தணித்தார். இராணி மரியாவின் குடும்பமே அவருடைய விடுதலைக்காகப் பரிந்து பேசியது. 2006இல் வெளியே வந்தவர் பிறகு புல்லுவழிக்கே போனார். தாய் எலீஸ்வா அவருடைய கைகளைப் பிடித்து முத்தமிட்டார். மகளின் இரத்தம் பட்ட கைகள் அவை என்பதுதான் அந்தத் தாய் கண்ட காரணம். 2017 நவம்பர் 4ஆம் நாள் இந்தோரில் இராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டார்.

இதுவரை மன்னிக்கிறவரைப் பற்றியே பேசினோம். மன்னிக்கப்பட்டவருக்கும் ஒரு நோய் உண்டு. தொடக்க நூலின் கடைசி அதிகாரத்தில் அது வருகிறது. யோசேப்பு தம்மை விற்ற சகோதரர்களை எகிப்தில் அடையாளம் கண்டு, கட்டித் தழுவி அழுது மன்னித்துவிட்டார். குடும்பமே அங்கு வந்து குடியேறியது. தந்தை யாக்கோபு எகிப்தில் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்து இறந்தார். அடக்கம் முடிந்த உடனே சகோதரர்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அப்பா போய்விட்டார், இப்போது யோசேப்பு பழைய கணக்கைத் தீர்த்துவிட்டால் என்ன செய்வது? அவரை மன்னிக்கச் சொல்லி அப்பாவே கேட்டுக்கொண்டார் என்று ஆள் அனுப்பினார்கள். அதைக் கேட்டு யோசேப்பு அழுதார்.

ஏன் அழுதார்? விவிலியம் காரணம் சொல்லவில்லை. பதினேழு ஆண்டுகள் ஒரே நாட்டில் வாழ்ந்து, சோறும் நிலமும் கொடுத்த பிறகும் அவர்கள் தம் மன்னிப்பை நம்பவே இல்லை என்று தெரிந்தால் யாருக்குத்தான் அழுகை வராது? மன்னிப்பு கொடுத்தாகிவிட்டது, பெற்றுக்கொள்ளும் கை மட்டும் நீளவில்லை. நம்மிலும் இப்படி எத்தனை பேர்! இருபது ஆண்டுகளுக்கு முன் சொல்லிப் பாவ மன்னிப்புப் பெற்ற அதே பாவத்தை ஒவ்வொரு தவக்காலத்திலும் திரும்பச் சொல்கிறவர்கள் எல்லாப் பங்கிலும் உண்டு என்பது பொதுவாகத் தெரிந்ததே. கடவுள் மறந்ததை இவர்கள் மறக்க விடுவதில்லை. சாகக் கிடந்த அம்மாவைக் கடைசியில் போய்ப் பார்க்காமல் விட்ட மகன், அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று தினமும் படுக்கையில் புரளும் தகப்பன், இவர்களுக்கு வெளியே எதிரி என்று யாரும் இல்லை. மேலே சொன்ன வர்த்திங்டனின் சகோதரர் ஒருவர், தாயின் கொலைக்குப் பின் அந்தத் துயரத்தில் உழன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு உதவாமல் போனோமே என்ற குற்ற உணர்வோடு, தம்மையே மன்னிப்பது பற்றி வர்த்திங்டன் தனியாக ஒரு புத்தகம் எழுத வேண்டியிருந்தது. கொலைகாரனை மன்னித்ததைவிட இது அவருக்கு நீண்ட வேலையாக இருந்தது.

இப்படிப்பட்ட பாரத்தை ஆலயத்திலேயே வைத்து முழுவதும் தீர்த்துவிடலாம் என்று நாம் சொல்வதில்லை. ஒப்புரவு அருளடையாளம் பாவத்தைப் போக்குகிறது. உறக்கமின்மைக்கும், சாக வேண்டும் என்ற எண்ணத்துக்கும் மருத்துவரும் வேண்டும். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி 2022 அக்டோபர் முதல் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதும் வெட்கப்பட வேண்டிய காரியம் இல்லை. காலில் முள் தைத்தால் செபமும் செய்கிறோம், முள்ளையும் எடுக்கிறோம்.

சரி, எங்கே தொடங்குவது? பகையாளியின் வீட்டுக்கு இன்றே பழத்தட்டோடு போக வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்படிப் போய் வாசலிலேயே வாக்குவாதம் முற்றித் திரும்பிய கதைகளும் நம் ஊரில் உண்டு. முதலில் பயத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவரை மன்னித்தால் எனக்கு என்ன ஆகிவிடும் என்று பயப்படுகிறேன்? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வரப்புப் போய்விடும் என்பது பயமானால், சர்வேயரைக் கூப்பிட்டு அளந்து கல் ஊன்றிக்கொள்ளுங்கள். கல் ஊன்றிய பிறகு மன்னிப்பது எளிது. இதில் பாவம் எதுவும் இல்லை. மானம் போய்விடும் என்பது பயமானால், அதை நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லும்போதே பாதி குறையும். நடந்தது மறந்துபோய்விடும் என்பது பயமானால், அதைச் சிலுவைக்கு முன்னால் உட்கார்ந்து ஆண்டவரிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள், நாள், இடம், அவர் சொன்ன வார்த்தை எல்லாம். அவர் மறக்க மாட்டார். அவரிடம் ஒப்படைத்த சாட்சியத்தை நாம் இரவெல்லாம் விழித்துக் காவல் காக்க வேண்டியதில்லை.

பிறகு அந்த ஆளின் பெயரைச் சொல்லித் தினமும் ஒரு மங்கள வார்த்தை செபம். உணர்வு வருகிறதா என்று பார்க்க வேண்டாம், சொன்னால் போதும். முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்லுவோம். பரவாயில்லை, மாதா பல்லைப் பார்ப்பதில்லை.

அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லாதவர்களிடம் மட்டும் இன்னொரு வேண்டுகோள். வரும் கல்லறைத் திருநாளன்று காலைத் திருப்பலிக்குப் பின் கல்லறைகளை மந்திரிப்போம். மாலையில் வரலாம் என்று நினைக்கிற குடும்பமும் அந்த நேரத்துக்கே வாருங்கள். பேச வேண்டியதில்லை. அப்பா கல்லறையின் தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர் நில்லுங்கள். தீர்த்தம் தெளித்துக்கொண்டு அங்கே நாமே வருவோம், கொஞ்ச நேரம் கூடவே நிற்போம்.